‘சமூக இழப்பு ஏதுமில்லை’: பிட்ஸ்பர்க் குன்றின் கதையும் வெளியேற்றத்தின் சட்டமொழியும்

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர மன்ற உறுப்பினர் ஜார்ஜ் எவன்ஸ் ஓர் இதழில் கட்டுரை எழுதினார். நகர மையத்தை ஒட்டி எழும் குன்றுப் பகுதியின் கட்டடங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு தரம் தாழ்ந்தவை, பயன்பாட்டுக் காலம் கடந்தவை. ஆகவே அவை அனைத்தும் அழிக்கப்பட்டாலும் சமூக இழப்பு ஏதும் நேராது என்பது அதன் சாரம். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1956 மே மாத இறுதியில், இடிப்பு தொடங்கியது. 95 ஏக்கர் நிலம், ஏறத்தாழ 1,300 கட்டடங்கள், 400க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும், 8,000 மனிதர்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

வெளியேற்ற வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களாகிய எங்களுக்கு எவன்ஸின் குரல் புதிதன்று. அரசுத் தரப்பு எதிர்வாத உரைகளில் அதை வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறோம். இழப்பு என்று எதைக் கணக்கெடுப்பது, அதைக் கணக்கெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதே நம் வழக்குகள் பலவற்றின் அடியில் கிடக்கும் கேள்வி. ஹில் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் அந்தக் குன்றுப் பகுதியின் கதை இக்கேள்விக்கு ஒரு முழு நூற்றாண்டு நீளமுள்ள சான்று. சாதியும் இனமும் ஒன்றல்ல; ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது நமக்குப் பழைய வழக்கம். 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதமும் அதற்கு வந்த பதிலும் அவ்வழக்கத்தின் ஆவணங்கள்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். அலெகெனி, மொனாங்ககெலா என்னும் இரு ஆறுகள் கூடி ஒஹையோ ஆறாகும் முனையில் பிட்ஸ்பர்க்கின் வணிக மையம் இருக்கிறது. அதன் கிழக்கு விளிம்பிலிருந்து இரு ஆறுகளுக்கும் நடுவே நிலம் மேலேறுகிறது. அந்த ஏற்றமே ஹில். மக்கள் அதைக் கீழ்க்குன்று, நடுக்குன்று, மேல்குன்று என மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். நகரம் முழுவதுமே மேடும் பள்ளமுமானது. 700க்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள் இன்றும் அங்கே உண்டு. நகர வரைபடத்தில் தெரு என்று குறிக்கப்பட்டவற்றுள் சில, நேரில் போய்ப் பார்த்தால் படிக்கட்டுகளாகவே இருக்கும். ஹில்லின் வடக்குச் சரிவு செங்குத்தானது. அதன் கீழே ரயில் பாதைகளும் கிடங்குகளும் நிறைந்த தட்டையான நிலம். 1884 முதல் 1953 வரை இழுவைத் தண்டவாள வண்டி ஒன்று அந்தச் சரிவில் ஏறி இறங்கியது. பனிக்காலத்தில் உறைந்த சரிவில் கால் வழுக்காமல் வேலைக்குப் போய்த் திரும்புவதும், எஃகு ஆலைகளின் கரி காற்றோடு மேலேறி வந்து துவைத்த துணியில் படிவதும் அங்கே அன்றாடம்.

நம் ஊர்களில் சேரி எங்கே இருக்கும் என்பதை நீரோட்டமும் தாழ்வும் சொல்லிவிடும். பிட்ஸ்பர்க்கிலும் உயரம் தகுதியைச் சொன்னது. வழக்கறிஞர், ஆசிரியர், அஞ்சல் ஊழியர் என ஓரளவு வசதி கொண்ட கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த மேல்குன்றுக்குச் ‘சர்க்கரை உச்சி’ என்று பெயர். புதிதாக வந்த ஏழைகள் அடிவாரத்தில் இருந்தார்கள். ஒடுக்கப்பட்டவருக்குள்ளும் படிநிலை உண்டென்பதை அந்தக் குன்று மறைக்கவில்லை. ஆனால் வணிக மையத்துக்கு மிக அருகில் இருந்ததும் அந்த அடிவாரம்தான். நகரம் விரிய இடம் தேடியபோது அதன் கண் முதலில் அங்கே விழுந்ததில் வியப்பில்லை. ஏழைகள் வாழும் நிலம் மதிப்பற்றதாக இருக்கும்வரை அவர்கள் அங்கே விட்டுவைக்கப்படுகிறார்கள். மதிப்பு ஏறிய பிறகுதான் அவர்களுடைய கூரையின் ஓட்டைகள் அரசின் கண்ணில் படுகின்றன.

அடிமை முறை ஒழிவதற்கு முன்பே கீழ்க்குன்றில் சுதந்திரக் கறுப்பினக் குடும்பங்கள் குடியேறியிருந்தன. அடிமை ஒழிப்பு இயக்கத்தினர் அங்கே இயங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரிஷ், ஜெர்மானிய, இத்தாலிய, யூத, சிரியக் குடியேறிகள் வந்தார்கள். முதல் உலகப் போர்க் காலம் தொட்டுத் தென் மாநிலங்களின் வன்முறையிலிருந்தும் பருத்தி வயல்களிலிருந்தும் தப்பி வந்த கறுப்பின மக்கள் பெருகினார்கள். மற்றவர்கள் சம்பாதித்து வேறு பகுதிகளுக்கு நகர்ந்தார்கள். கறுப்பின மக்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. 1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் தயாரித்த நகர வரைபடங்களில் ஹில் சிவப்பு வண்ணம் பெற்றது. கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்பது அதன் பொருள். கடன் கிடைக்காத வீட்டைப் பழுதுபார்க்க முடியாது. பழுதுபாராத வீடு சில ஆண்டுகளில் ‘தரம் தாழ்ந்த’ கட்டடம் ஆகும். எவன்ஸ் எண்ணிச் சொன்ன அந்த 90 விழுக்காட்டில், இப்படிச் செய்து வைக்கப்பட்ட பங்கு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

வீடுகள் உண்மையிலேயே மோசமாக இருந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. நெரிசல், ஒழுகும் கூரை, பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறை, இவற்றையெல்லாம் அனுபவித்தவர்கள் அங்கே வாழ்ந்தவர்களே. ஆரம்பத்தில் அவர்களில் பலரும் நல்ல வீடு கிடைக்கும் என்று நம்பிப் புதுப்பிப்புத் திட்டத்தை வரவேற்கவும் செய்தார்கள். குடிசை வாழ்வை அழகுபடுத்திப் பேசும் பழக்கம் நம் தரப்பில் சிலருக்கு உண்டு. அது நீதிமன்றத்திலும் நிற்காது, மக்களிடமும் நிற்காது.

ஆனால் அந்த மோசமான வீடுகளுக்கு நடுவே என்ன இருந்தது? வைலி அவென்யூ என்னும் தெரு நெடுகிலும் கடைகள், மருத்துவர்கள், முடிதிருத்தகங்கள், ஜாஸ் இசை அரங்குகள் இருந்தன. 1907இல் தொடங்கிய ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ நாளடைவில் நாடு முழுவதும் படிக்கப்பட்ட கறுப்பின வார இதழாக வளர்ந்தது. அதை வளர்த்தெடுத்த ராபர்ட் வான் ஒரு வழக்கறிஞர். ரயில்களில் வேலை செய்த கறுப்பினப் பணியாளர்கள் இதழ்க் கட்டுகளைத் தென் மாநிலங்களுக்குள் கொண்டு சேர்த்தார்கள். 1942இல் வெளிநாட்டில் பாசிசத்தின் மீதும் உள்நாட்டில் இனவெறியின் மீதும் வெற்றி என்னும் ‘இரட்டை வெற்றி’ இயக்கத்தை அது நடத்தியது. 1932இல் கறுப்பினத் தொழில்முனைவர் கஸ் கிரீன்லீ தம் பேஸ்பால் அணிக்கென்று பெட்ஃபோர்டு அவென்யூவில் ஒரு மைதானமே கட்டினார். வெள்ளையர் அணிகள் சேர்க்க மறுத்த சாட்செல் பெய்ஜும் ஜோஷ் கிப்சனும் அவர் அணிக்காக ஆடினார்கள். சில ஆண்டுகளில் அந்த மைதானமும் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் பொதுக் குடியிருப்பு எழுந்தது. கூரியரின் புகைப்படக் கலைஞர் சார்லஸ் ‘டீனி’ ஹாரிஸ், திருமணம், தேர்தல், கடைத்தெரு, பள்ளிக்கூடம், இறுதி ஊர்வலம் என அந்தக் குன்றின் வாழ்வைப் பதிவு செய்துகொண்டே இருந்தார். ஏறத்தாழ 80,000 நெகட்டிவ்கள் இன்று கார்னெகி கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இனி சட்டத்துக்கு வருவோம். ஒரு பகுதியை இடிக்க அதிகாரம் தந்த சொல் ‘பிளைட்’. பயிர்நோயைக் குறிக்கும் சொல் அது. நம் உழவர்கள் கருகல் என்பார்கள். கருகல் பிடித்த செடியை அடுத்த செடிக்குப் பரவுமுன் பிடுங்கி எரிப்பது முறை. அச்சொல்லை மனிதர் வாழும் தெருவுக்குச் சூட்டியவுடன், அங்கிருப்பவர்கள் நோயால் துன்புறுபவர்கள் என்ற நிலையிலிருந்து நோயாகவே மாறிவிடுகிறார்கள். 1945இல் பென்சில்வேனியா மாநிலம் நகர மறுமேம்பாட்டுச் சட்டம் இயற்றியது. 1946இல் பிட்ஸ்பர்க்கில் அதற்கான ஆணையம் உருவானது. 1949ஆம் ஆண்டின் கூட்டாட்சி வீட்டுவசதிச் சட்டம் நிலத்தைக் கையகப்படுத்தி இடிப்பதற்கான நிகரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கைத் தர முன்வந்தது. மேயர் டேவிட் லாரன்ஸும் நகரின் பெருந்தொழில் அதிபர்களும் ஒரே அணியில் நின்றார்கள்.

இந்தச் சட்டங்கள் அரசமைப்புக்கு உட்பட்டவையா என்ற கேள்வி 1954இல் ‘பெர்மன் எதிர் பார்க்கர்’ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. தலைநகர் வாஷிங்டனில் கடை வைத்திருந்த ஒருவருடைய வாதம் எளிமையானது: என் கட்டடம் நன்றாக இருக்கிறது, சுற்றியுள்ள பகுதி சேரி என்பதற்காக என் கடையை எடுத்து இன்னொரு தனியாருக்குக் கொடுக்க முடியுமா? முடியும் என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ் குடிமை உரிமைகளின் காவலராகப் போற்றப்படுபவர். நகரம் தூய்மையாக மட்டுமின்றி அழகாகவும் இருக்க வேண்டுமெனச் சட்டமன்றம் முடிவெடுக்கலாம், பகுதியை முழுமையாகப் பார்க்க வேண்டுமேயன்றிக் கட்டடம் கட்டடமாகப் பார்க்கத் தேவையில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. ‘பொதுப் பயன்பாடு’ என்ற அரசமைப்புச் சொல் ‘பொது நோக்கம்’ என விரிந்தது. அந்த விரிவுக்குள் ஒரு விளையாட்டரங்கும் நுழையலாம், வாகன நிறுத்துமிடமும் நுழையலாம். கீழ்க்குன்றில் இரண்டும் நுழைந்தன.

1961இல் அங்கே திறக்கப்பட்டது சிவிக் அரினா. எஃகுக் கூரை விலகி வானம் தெரியும்படி அமைத்த அந்த அரங்கு முதலில் இசை நாடகங்களுக்கென்று திட்டமிடப்பட்டது. பின்னாளில் பனி ஹாக்கி அணியின் தாயகமானது. உடன் வருவதாகச் சொன்ன இசைக்கூடம் வரவேயில்லை. மாதிரிப் படங்களில் இருந்த பண்பாட்டு வளாகத்தின் பெரும்பகுதி கார்கள் நிற்கும் தார்த்தளமாகவே முடிந்தது. விரைவுச்சாலை ஒன்று நகர மையத்துக்கும் குன்றுக்கும் நடுவே பள்ளம்போல் ஓடி இரண்டையும் பிரித்தது. அதுவரை மக்கள் அடிவாரத்திலிருந்து நடந்தே வேலைக்குப் போனார்கள்.

இழப்பீடு யாருக்குக் கிடைத்தது? அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தம் நியாயமான இழப்பீட்டை உறுதி செய்கிறது. ஆனால் அது எடுக்கப்பட்ட சொத்துக்கான இழப்பீடு. மாத வாடகைக்கு இருந்தவரிடம் எடுக்கச் சொத்து ஏதுமில்லை என்று சட்டம் கருதியது. கடைக்காரர் இருபது ஆண்டுகளாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் சொத்தல்ல. நடந்து போகும் தூரத்தில் வேலை இருப்பது சொத்தல்ல. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மா சொத்தல்ல. 1956இல் இடம்பெயர்வுச் செலவென்று சிறு தொகை தர வழி செய்தார்கள். ஒரே சீரான இடம்பெயர்வு உதவிச் சட்டம் வந்தது 1970இல். அதற்குள் கீழ்க்குன்று மக்கள் நடுக்குன்றுக்கும், ஹோம்வுட், கிழக்கு லிபர்ட்டி போன்ற பகுதிகளுக்கும், பொதுக் குடியிருப்புகளுக்கும் சிதறிவிட்டார்கள். ஹில்லின் மக்கள்தொகை 1950க்கும் 1990க்கும் இடையே பெருமளவு சரிந்தது.

பெட்ஃபோர்டு அவென்யூவில் 1945இல் பிறந்த நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனின் பத்து நாடகங்களில் ஒன்பது இந்தக் குன்றில் நடப்பவை. அவற்றுள் ‘டூ ட்ரெயின்ஸ் ரன்னிங்’ சட்ட மாணவர்கள் படிக்க வேண்டிய ஒன்று. 1969இல் நடக்கும் அக்கதையில் நகராட்சி இடிக்கப்போகும் உணவகத்தின் உரிமையாளர் தம் விலையில் ஒரு டாலரும் குறைக்க மாட்டேன் என்று நிற்கிறார். கடைசியில் கேட்டதைவிடவும் கூடுதலாகவே கிடைக்கிறது. ஆனால் அவர் கடையில் தினமும் வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு இழப்பீட்டுச் சட்டத்தில் பதில் இல்லை.

இடிப்பு அடிவாரத்தோடு நிற்காமல் மேலேறும் என்பது 1960களில் தெளிவானது. அப்போதுதான் மக்கள் ஒரு கோடு கிழித்தார்கள். கிராஃபோர்டு தெருவும் சென்டர் அவென்யூவும் சந்திக்கும் மூலையில், தார்த்தளத்துக்கும் மீந்த வீடுகளுக்கும் எல்லையாக, ஒரு பெரிய விளம்பரப் பலகை எழுந்தது. இதற்கு அப்பால் மறுமேம்பாடு கூடாது, கீழ்க்குன்றில் ஏழைகளுக்கு வீடு வேண்டும் என நகராட்சியை நோக்கி அது சொன்னது. குடியுரிமைப் பேரணிகள் அந்த மூலையிலிருந்தே புறப்பட்டன. இன்று அது ‘சுதந்திர மூலை’. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின் எழுந்த கொந்தளிப்பில் நடுக்குன்றின் கடைத்தெருவும் எரிந்தது, அந்தச் சேதம் பின்னாளில் வசதியான சாக்காகப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும் அடிவாரத்தில் நடந்தது போன்ற முழு இடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

அதே ஆண்டுகளில் ஹில் இன்னொன்றையும் உருவாக்கியது. அந்நாளில் நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றது போலீஸ் வண்டி. முதலுதவி என்பது ஏறக்குறைய இல்லை. 1967இல் தொடங்கிய ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் சேவை, வேலையற்றோர் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஹில்லின் கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தது. மருத்துவர் பீட்டர் சஃபார் வகுத்த பயிற்சி அவர்களுக்குத் தரப்பட்டது. அமெரிக்காவின் தொடக்ககாலத் தேர்ந்த அவசர மருத்துவப் பணியாளர்கள் அவர்கள். 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி இதை மூடியது. புதிய அமைப்பில் அவர்களில் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். ‘சமூக இழப்பு’ என்ற தலைப்பின் கீழ் இதையும் எழுதிக்கொள்ளலாம்.

அரினா 2011–12இல் இடிக்கப்பட்டது. தெருவுக்கு எதிர்ப்புறம் புதிய அரங்கு 2010இலேயே வந்துவிட்டது. பழைய இடத்தின் 28 ஏக்கரை மேம்படுத்தும் உரிமை யாரிடம் போனது? ஹாக்கி அணியிடம். 2008இல் நூறளவு அமைப்புகள் கூடி அந்த அணியுடனும் அரசு அமைப்புகளுடனும் சமூகப் பயன் ஒப்பந்தம் ஒன்றைச் செய்தன. வேலைவாய்ப்பில் முன்னுரிமை, மளிகைப் பேரங்காடி போன்றவை அதில் இருந்தன. பல பத்தாண்டுகளாக அத்தகைய கடை இல்லாதிருந்த பகுதிக்கு 2013இல் ஒன்று வந்தது. 2019இல் அது மூடப்பட்டது. ஒப்பந்தத்தால் ஒரு கடையைத் திறக்க வைக்கலாம். வெளியேற்றப்பட்ட வாடிக்கையாளர்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

2005இல் ‘கீலோ எதிர் நியூ லண்டன்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் பெர்மன் பாதையிலேயே நடந்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர் கிளாரன்ஸ் தாமஸ். பொதுவாக எங்களுக்கு உவப்பான நீதிபதி அல்லர் அவர். ஆயினும் நகரப் புதுப்பிப்பு என்பது நாடெங்கும் கறுப்பரை அகற்றுவதாகவே அறியப்பட்டது என்பதை நினைவூட்டியவர் அவர்தான்.

நம் சட்டங்களோடு இதை ஒப்பிடும்போது ஒரு விந்தை தெரிகிறது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம் தாழ்வான, சுகாதாரமற்ற, நெரிசலான இடத்தைக் குடிசைப் பகுதி என அறிவிக்கச் சொல்கிறது. ஏறத்தாழ ‘கருகல்’ மொழிதான். ஆனால் இங்கே அந்த அறிவிப்பு ஒரு பாதுகாப்பும் தருகிறது: அறிவிக்கப்பட்ட பகுதியில் இருப்பவரை வெளியேற்ற உரிய அதிகாரியின் அனுமதியின்றி 29ஆம் பிரிவின்படி வழக்குத் தொடர முடியாது. 1985க்குப் பிறகு பல பத்தாண்டுகள் சென்னையில் புதிய அறிவிப்புகள் வரவில்லை என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலமில்லாவிட்டாலும் நகர்ப்புறத்தில் மூன்றாண்டு குடியிருந்த குடும்பத்தைப் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. ஹில்லின் வாடகைதாரர்களுக்கு மறுக்கப்பட்டது இங்கே எழுத்தில் உண்டு. நடைமுறையில், ஆற்றங்கரைப் புறம்போக்கில் வாழ்வோரை அகற்றும்போது அரசு கையகப்படுத்துவதே இல்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் அறிவிக்கையை நீட்டுகிறது. தன் நிலத்தைத் தானே எடுத்துக்கொள்வதால் 2013 சட்டம் கதவுக்கு வெளியே நிற்கிறது. 1985இல் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு வாழ்வாதாரத்தை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. மழைக்காலம் முடிந்தபின் நடைபாதை மக்களை அகற்றவும் அனுமதித்தது. மேடையில் நாம் முதல் பாதியை மட்டும் சொல்கிறோம். அரசு வழக்கறிஞர் இரண்டாம் பாதியைச் சொல்கிறார்.

கீழ்க்குன்றில் இடிக்கப்பட்டவற்றுள் பெத்தேல் தேவாலயமும் ஒன்று. 1808இல் வேர்கொண்ட கறுப்பினச் சபை அது. எபிஃபனி கத்தோலிக்கத் தேவாலயம் இடிபடாமல் நிற்க, பெத்தேல் 1957இல் வீழ்த்தப்பட்டது. சபை மக்கள் அதை மறக்கவில்லை. தலைமுறை தாண்டி நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். 2023இல் ஹாக்கி அணி பழைய இடத்துக்கு அருகே ஒன்றரை ஏக்கரைத் தர ஒப்புக்கொண்டது. அவர்களால் கேட்க முடிந்ததற்குக் காரணம், சபையாகக் கூடி நின்றதும், தாம் இழந்தது என்னவென்று காட்டக்கூடிய நிலையில் இருந்ததும். மாத வாடகைக்கு இருந்து சிதறியவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இதைப் படித்தபின் எங்கள் வேலைமுறையில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். வெளியேற்ற அறிவிக்கை வந்த பகுதிக்குப் போகும்போது குடும்ப அட்டை, மின் இணைப்பு, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றோடு இப்போது வேறு சிலவற்றையும் எழுதிக்கொள்கிறோம். வேலைக்கு நடந்து போகும் தூரம் எவ்வளவு, எந்தக் கடையில் கடன் கணக்கு இருக்கிறது, குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், சங்கமோ இரவுப் பாடசாலையோ எந்தத் திண்ணையில் நடக்கிறது. புகைப்படம் எடுக்கத் தெரிந்த கல்லூரி மாணவர்கள் உடன் வரலாம். பிரமாணப் பத்திரத்தோடு இணைக்கும் படங்களுக்குத் தேதியும் இடமும் குறித்திருக்க வேண்டும். இடிக்கும் இயந்திரம் வருவதற்கு முந்தைய தேதியாக அது இருக்க வேண்டும்.